அத்தான் தந்த பீப்பாயும் நான் மாற்றிய குழாயும்

ஸ்வென்போர்க்,
அக்டோபர் 19

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அக்கா குட்ரூனுக்கு,

உன் ஒரே தம்பி வெர்னர் எழுதுவது. இங்கே நானும் மார்கிட்டும் சுகம், அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமா என்று கேட்பதுதான் முறை. கேட்டாயிற்று. நீ சுகமாக இருந்தால் எனக்குச் சந்தோஷம். உன் வீட்டுக்காரரின் சுகத்தைப் பற்றி இந்தக் கடிதத்தின் கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம். எழுபது வயதில் எதற்குக் கடிதம், போன் இல்லையா என்று கேட்பாய். போன் செய்தால் ஐகில் அத்தான்தான் எடுக்கிறார், எடுத்த கையோடு ஸ்பீக்கரில் போடுகிறார், அப்புறம் நான் யாரிடம் யாரைப் பற்றிப் புலம்புவது? அதனால்தான் கடிதம். எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது, பக்கத்துக்கு எட்டு வரிதான் வருகிறது என்றெல்லாம் ஆராயாதே. பேனா புதிது, மை கொட்டுகிறது.

முதலில் ஒரு விஷயம். இதை யாரிடமும் சொல்லாதே, மார்கிட்டுக்கே தெரியாது, அத்தானுக்குத் தெரியவே கூடாது. ஜூன் மாதம் கண் டாக்டரிடம் போனேன். இடது கண்ணின் நடுப்பகுதி போய்விட்டதாம். ஓரமெல்லாம் தெரியும், நேரே பார்க்கிற இடத்தில் மட்டும் ஓட்டை. வலது கண்ணும் அதே வழியில் கிளம்பிவிட்டதாம், அடுத்த கோடை வரை தாங்கினால் பெரிய விஷயமாம், மருந்து கிடையாதாம். இதையெல்லாம் வானிலை அறிக்கை மாதிரி சொல்லிவிட்டு அந்த அம்மாள், "நீங்க முப்பத்தாறு வருஷம் டிரைவிங் டெஸ்ட் எடுத்தவரு. கார் சாவியைப் பத்தி நான் சொல்லியா உங்களுக்குத் தெரியணும்?" என்று கேட்டாள். "தெரியும்" என்றேன். தெரியும் என்றுதான் சொன்னேன், விட்டுவிடுகிறேன் என்று சொல்லவில்லை. நீயே யோசித்துப் பார் அக்கா. எத்தனை கிழவர்களை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து ஊரைச் சுற்றி, கடைசியில் "போதும், இனிமே ஓட்டக் கூடாது" என்று உரிமத்தைக் கையில் வாங்கியவன் நான்! ஒருவர் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதார். நான் கதவைத் திறந்துவிட்டு, "பஸ் ஸ்டாப் அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினேன். இப்போது அதே பஸ் ஸ்டாப்பில் நான் போய் நிற்கவா? ஊரே வந்து வேடிக்கை பார்க்கட்டும் என்றா?

சரி, கார் கிடக்கட்டும். கண் போவதற்குள் எனக்கு ஒரே ஒரு ஆசை, சனியின் வளையத்தை ஒரு தடவை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும். உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருநாள் தொலைநோக்கி கொண்டுவந்து வரிசையில் நிறுத்தினாரே, எனக்கு முன்னால் நின்றவள் நீ. நீ பார்த்துவிட்டு, "ஐயோ, அதுக்குக் காது இருக்குடா!" என்று கத்தினாய். என் முறை வந்தது, மேகம் வந்தது, வாத்தியார் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு விட்டதைத்தான் இன்றைக்குப் பிடிக்கப் பார்த்தேன். சனியைப் பார்க்கப் போனவனைச் சனி பிடித்த கதைதான் மீதி.

ஒடென்சேயில் ஒரு கடையின் விலைப்பட்டியலை வாங்கி மூன்று வாரம் படித்தேன், பூதக்கண்ணாடி வைத்துத்தான். அதில் என் வசதிக்குத் தகுந்ததாக இரண்டு தொலைநோக்கிகள் இருந்தன. ஒன்று ஒல்லியான நீளக் குழாய், முன்னால் லென்ஸ், முக்காலியில் நிற்கும், நிலாவையும் கிரகங்களையும் கத்தி வெட்டினாற்போல் காட்டுமாம். இன்னொன்று பீப்பாய். அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் குழிந்த கண்ணாடி, கீழே சுழலும் மரப்பெட்டி, மங்கலான தூரத்து நட்சத்திரக் கூட்டத்தையெல்லாம் பிடித்துக் காட்டுமாம். எனக்கு எதற்கு நட்சத்திரக் கூட்டம்? கூட்டம் பார்க்க வேண்டுமானால் உங்கள் ஊர்ச் சந்தைக்கு வந்துவிட மாட்டேனா? எனக்கு வேண்டியது குழாய். அதைத்தான் பிறந்தநாள் பட்டியலில் எழுதி எல்லாருக்கும் அனுப்பினேன். நம் வழக்கம் உனக்குத் தெரியாததா, பட்டியல் அனுப்பியாக வேண்டும், ஆனால் ஆசைப்படுகிற மாதிரியும் தெரியக் கூடாது. அதனால் முதலில் கம்பளிக் காலுறை, அடுத்து இலை வாரும் துடைப்பம், மூன்றாவதாக "ஒரு தொலைநோக்கி, லென்ஸ் வைத்ததோ கண்ணாடி வைத்ததோ, எது வசதியோ அது, ரொம்பச் சிரமப்பட வேண்டாம்" என்று எழுதினேன். லென்ஸை முதலில் எழுதியிருக்கிறேனா இல்லையா? இந்த நாட்டில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும், முதலில் எழுதியதுதான் வேண்டியது, இரண்டாவது மரியாதைக்கு. உன் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியாது!

பிறந்தநாளன்று நடந்ததை நீயும் பார்த்தாய், ஆனால் நீ கேக் வெட்டுகிற மும்முரத்தில் இருந்தாய். பிறந்தநாள் வழக்கப்படி தோட்டத்துக் கம்பத்தில் கொடி ஏற்றியாயிற்று, காபி வந்தாயிற்று, அத்தான் எழுந்து தான் எழுதின பாட்டை ஆளுக்கொரு தாளாகக் கொடுத்தார். பதினான்கு சரணம்! அதில் ஒன்பது சரணம் நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் நான் அவரை டிரைவிங் டெஸ்டில் பெயில் போட்டதைப் பற்றி. முப்பது பேர் எழுந்து நின்று என் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டு என்னைக் கேலி செய்து பாடுகிறார்கள், பிறந்தநாள்காரன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டுமாம். சிரித்தேன். தாடை வலிக்கச் சிரித்தேன். அந்த டெஸ்டைப் பற்றி இன்னொரு தடவை எழுதிவைக்கிறேன். அவர் அப்போது எனக்கு அத்தான் இல்லை, உன்னைப் பார்க்க வாரா வாரம் கடலுக்கு அந்தப் பக்கம் யூலாந்திலிருந்து ரயிலேறி வருகிற ஒரு நெட்டையன். மாதா கோயில் முக்கில் வலது பக்கம் திரும்பச் சொன்னேன். பாதித் திருப்பத்தில் வண்டியை நிறுத்திவிட்டார். ஏன் என்றேன், சைக்கிள் வருகிறது என்றார். சைக்கிளும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. காரணமில்லாமல் நடுத்தெருவில் நிறுத்தினால் பெயில், சட்டம் அப்படி. அன்றிலிருந்து நம் குடும்பத்தில் அதற்குப் "பேய் சைக்கிள்" என்று பேர், நானாக வைத்த பேர், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதைச் சொல்லிச் சிரிக்காதவர் கிடையாது. உண்மையைச் சொன்னதற்கு எனக்கு ஒன்பது சரணம்!

பாட்டு முடிந்ததும் நாலு பேர் சேர்ந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெந்நீர்க் கொதிகலன் என்றுதான் நினைத்தேன். பிரித்தால் பீப்பாய். அத்தான் என் தோளில் கையைப் போட்டு, "எது வசதியோ அதுன்னு எழுதியிருந்தியே மாப்ளே, எனக்கு இதுதான் வசதி!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் குனிந்து என் காதில், "நேரா பாக்காதே மாப்ளே. கொஞ்சம் பக்கத்துல பாரு, அப்பத்தான் தெரியும்" என்று உபதேசம் வேறு. எழுபது வயசுக்காரனுக்கு எப்படிப் பார்ப்பது என்று பாடம்! நன்றி என்றேன். அடியில் கை விட்டுப் பார்த்தேன், கடையில் கொடுத்து வேறு மாற்றிக்கொள்ளலாம் என்ற ஒட்டுச்சீட்டு இருந்தது. அதைத் தொட்ட பிறகுதான் எனக்கு கேக் இறங்கியது.

இரண்டாம் நாளே பீப்பாயைக் காரில் ஏற்றினேன். ஏற்றும்போதே இடுப்பு பிடித்துக்கொண்டது, காரை வெளியே எடுக்கும்போது வாசல் தூண் வந்து அதில் உரசியது. இருபது வருஷமாக ஒழுங்காக நின்ற தூண். ஒடென்சே கடையில் யூத்தே என்று ஒரு அம்மாள், நம் வயசுதான் இருக்கும், கடையே அவளுடையது. ஒட்டுச்சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "நிச்சயமா மாத்தணுமா?" என்றாள். "ஆமாம்." "நல்லா யோசிச்சுட்டீங்களா?" "யோசிச்சுட்டேம்மா." "ஒரு ராத்திரியாவது இதுல பாத்தீங்களா?" ஒட்டுச்சீட்டோடு வருகிறவனிடம் ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது, அதுதானே ஒட்டுச்சீட்டின் தர்மம்! கடைக்காரிக்கே அது தெரியவில்லை என்றால் நாடு எங்கே போகும்? குழாயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் தோட்டத்தில் முக்காலியைப் போட்டேன். தேடித் தேடி ஒருவழியாகத் தங்க நிறத்தில் உருண்டையாக ஒன்று சிக்கியது. அசையவே இல்லை, கம்பீரமாக நின்றது. மார்கிட்டைக் கூப்பிட்டு, "வா, வந்து பாரு, சனி!" என்றேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "ஏங்க, சனிக்குக் கயிறு கட்டியிருக்குமா?" "என்ன கயிறு?" "இது நம்ம கொடிக்கம்பத்து உச்சிக் குமிழுங்க. போன வருஷம் நீங்கதான் ஏணி போட்டுத் தங்கப் பெயின்ட் அடிச்சீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அப்புறம் பத்து நாள் மேகம். அந்தப் பத்து நாளும் அத்தான் போன்.

"பாத்தியா மாப்ளே?"

"பாத்தேன் அத்தான்."

"எத பாத்தே?"

"அதான், அந்த நட்சத்திரக் கூட்டம்."

"எப்படி இருந்துச்சு?"

"கூட்டமா இருந்துச்சு."

"பக்கத்துல பாத்தியா? நேரா பாக்கலையே?"

"பக்கத்துலதான் பாத்தேன் அத்தான், கண்ணு ரெண்டும் பக்கத்துலயே போயிடுச்சு, போதுமா?"

"சரி மாப்ளே, கம்பளி போட்டுக்கிட்டு வெளிய போ" என்று வைத்துவிட்டார்.

பதினோராம் நாள் வானம் திறந்தது. இந்தத் தடவை கொடிக்கம்பத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். உண்மையான சனியே வந்தது. இடது கண்ணை வைத்தேன், வெறும் ஓட்டை. வலது கண்ணை வைத்தேன். அக்கா, ஐம்பத்தெட்டு வருஷம் காத்திருந்தவனுக்கு என்ன தெரிந்தது தெரியுமா? மிதிபட்ட முட்டை. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, மறுபக்கம் கரைந்து, வளையமா, காதா, ஒன்றும் இல்லை. நேரம் போகப் போகக் குளிரில் மூக்கு ஒழுகியதுதான் மிச்சம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. லென்ஸ் கோணல்! என் தலையில் கோணல் லென்ஸைக் கட்டிவிட்டார்கள்!

மறுநாள் காலை குழாயைத் தூக்கிக்கொண்டு ஒடென்சேக்குப் போய், கடையிலேயே நாலு பேர் கேட்கக் கத்தினேன். யூத்தே குழாயைக் கடை வாசலில் நிறுத்தி, தூரத்து மாதா கோயில் கோபுரத்துக்குத் திருப்பி, தான் பார்த்தாள், பிறகு என்னைப் பார்க்கச் சொன்னாள். "கோபுரம் எப்படித் தெரியுது?" "வளைஞ்சிருக்கு, பாருங்க, நடுவுல வாழைக்காய் மாதிரி வளைஞ்சிருக்கு! இதுக்கு என்ன சொல்றீங்க?" அவள் குழாயின் வாயை மூடினாள். "இப்ப குழாய் இல்லாம, வெறுங்கண்ணால பாருங்க. எப்படித் தெரியுது?"

நான் பார்த்தேன். வெறுங்கண்ணுக்கும் கோபுரம் வளைந்துதான் இருந்தது.

அவள் எனக்கு ஒரு நாற்காலி போட்டாள். நாற்காலி போட்டுச் சொல்கிற செய்தி எதுவும் நல்ல செய்தியாக இருந்ததில்லை. "உங்க அத்தான் மூணு தடவை இங்க வந்தாரு" என்றாள். "முதல் தடவை வந்து, நடுப்பார்வை போன கண்ணுக்கு எந்தத் தொலைநோக்கி நல்லதுன்னு கேட்டாரு. எனக்குத் தெரியல, வெளியில விசாரிச்சுச் சொல்றேன்னேன். மறுபடி வந்தாரு. கிரகம் பாக்க நடுப்பார்வை வேணும், மங்கலான கூட்டத்தை ஓரப் பார்வையாலதான் யாரா இருந்தாலும் பாக்கணும், நேரா பாத்தா மறைஞ்சிடும், அதுக்குப் பெரிய கண்ணாடிதான் தோதுன்னு சொன்னேன். மூணாவது தடவை தன்னோட கண்ணுல நடுவுல ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டின மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வந்து, ரெண்டுலயும் பாத்துட்டுத்தான் பீப்பாயை எடுத்தாரு. அன்னைக்கு நீங்க மாத்த வந்தப்பவே சொல்லியிருக்கணும். ஒட்டுச்சீட்டுக்காரங்களைக் கேட்கக் கூடாதுன்னு கம்முனு இருந்துட்டேன்."

உங்கள் ஊர் ரிங்கேபிங்கிலிருந்து ஒடென்சேக்குப் பாலம் தாண்டி மூன்று தடவை! அந்த நெட்டையன்! மூக்குக்கண்ணாடியில் பிளாஸ்திரி!

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நீ கேட்பாய். எனக்கு அந்த நாற்காலியிலேயே புரிந்துவிட்டது. ஆகஸ்டில் கூரைத் தண்ணீர்க் குழாய் மாற்ற உதவிக்கு வந்தாரே, அப்போது மரக்கடைக்கு என் காரில் போனோம். மாதா கோயில் முக்கில், அதே முக்கில், வலது பக்கம் திரும்பினேன். "நில்லு!" என்று கத்தினார். நிறுத்தினேன். வண்டி மூக்குக்கு ஒரு முழம் முன்னால் ஒரு பெண், முன்பெட்டியில் இரண்டு பிள்ளைகளை வைத்துச் சைக்கிள் மிதித்துக்கொண்டு போகிறாள். எனக்கு அந்த இடத்தில் சாலைதான் தெரிந்தது, அக்கா. வெறும் சாலை. அந்தப் பெண் என் வண்டியைக் கையால் ஓங்கி அடித்துவிட்டுப் போனாள். அத்தான் கொஞ்ச நேரம் கழித்து, "வெயில் கண்ணுல அடிச்சிடுச்சு போல" என்றார். வெயில் எங்களுக்குப் பின்னால் இருந்தது. திரும்பி வரும்போது, "கால் மரத்துப்போச்சு மாப்ளே, நான் ஓட்டிக்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டார். நாற்பத்தொரு வருஷம் கழித்துத் தன் ஓட்டுத் திறமையைக் காட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். சாவியைக் கொடுத்தேன்.

இதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். ஒரு போன் போதும், என் உரிமம் போயிருக்கும், எனக்கும் அவருக்கும் சரிக்குச் சரி ஆகியிருக்கும், நானும் நிம்மதியாக அவரைச் சாகும் வரை திட்டியிருப்பேன். இல்லையென்றால் பாட்டில் பதினைந்தாவது சரணமாகச் சேர்த்திருக்கலாம், முப்பது பேர் சேர்ந்து பாடியிருப்பார்கள். இரண்டும் செய்யவில்லை. வாயை மூடிக்கொண்டு எனக்காகப் பரிதாபப்பட்டிருக்கிறார். என்னால் பெயிலானவன் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவதா? அதற்கு நான் அந்தப் பஸ் ஸ்டாப்பிலேயே நின்று செத்துப்போகிறேன்.

ஆகவே என் முடிவு. குழாயைக் கடையிலேயே விட்டுவிட்டேன். பீப்பாயும் வேண்டாம் என்றேன். யூத்தே அதற்குப் பதிலாக, அதே விலைக்குப் பிறகு எதையாவது எடுத்துக்கொள்ள ஒரு வரவுச் சீட்டு எழுதிக் கொடுத்தாள், அது சமையலறை இழுப்பறையில் தீப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. வானத்துக்கும் எனக்கும் இனி ஒரு சம்பந்தமும் இல்லை. காரை நான் ஓட்டிக்கொண்டுதான் இருப்பேன், மெதுவாக. கிறிஸ்துமஸுக்கு நீ மட்டும் ரயிலில் வா. உன் வீட்டுக்காரர் வர வேண்டாம். இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டாதே, என் கண்ணைப் பற்றி அவரிடம் மூச்சு விடாதே, பேய் சைக்கிளைப் பற்றி அவர் இன்னொரு தடவை பாடினால் சொல்லிவை, இல்லாத சைக்கிளை இல்லை என்று சொன்னவன் நான், சத்தியம் என் பக்கம்.

உன் முழங்கால் வலி குறையட்டும். உன் ஆப்பிள் மரம் இந்த வருஷமும் தாராளமாகக் காய்க்கட்டும். தெய்வம் உன்னைப் பூரண சுகத்தோடு வைத்திருக்கட்டும். பெரியவள் நீ, எனக்கு உன் ஆசி வேண்டும்.

என்றும் உன் அன்புத் தம்பி,
வெர்னர்

பி.கு.: நாலு நாளாக இந்தக் கடிதம் மேசையிலேயே கிடந்தது. எங்கள் தெருவில் தபால் பெட்டி கிடையாது, கார் எடுத்தால்தான் போட முடியும். நேற்று சாவியை எடுத்தேன், வாசல் வரை போனேன், திரும்பி வந்து மார்கிட் முன்னால் வைத்தேன். அவள் பின்னுகிற ஊசியை நிறுத்தவில்லை. "நாலு மாசம் ஆச்சு உங்களுக்கு" என்றாள். "உனக்குத் தெரியுமா?" என்றேன். "பக்கத்துல உக்காந்து வர்றவளுக்குத் தெரியாதா? நாலு மாசமா கார்ல அந்தக் கதவுப் பிடியை நான் விடலையேங்க" என்றாள். அப்புறம் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். நானும்தான்.

ஆகையால் இதை பஸ்ஸில் போய்த்தான் போடப் போகிறேன். ஸ்டாப்பில் யாரும் வேடிக்கை பார்க்கவில்லை என்றால் அதுவும் ஒரு வருத்தம்தான். வரவுச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். அத்தானை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல், வரும் வழியில் ஒடென்சேயில் பீப்பாயை எடுத்துக்கொண்டு வரச் சொல், அது பஸ்ஸில் ஏறாது. எப்படிப் பக்கத்தில் பார்ப்பது என்று அவர்தான் காட்டித் தர வேண்டும். கிறிஸ்துமஸுக்கும் இரண்டு பேரும் வாருங்கள். இந்தக் கடிதத்தை அவருக்கு முழுசாகப் படித்துக் காட்டு. பேனா பழையதுதான்.

கடைசியாக ஒன்று, இதையும் சேர்த்துப் படி. அன்றைக்கு மாதா கோயில் முக்கில் சைக்கிள் வந்தது. சிவப்பு மேல்சட்டை போட்ட ஒரு பெண், கூடையில் ரொட்டி. அவர் நிறுத்தியது சரி. அவர் பாஸாகிவிட்டால் உன்னைக் காரில் ஏற்றிக்கொண்டு யூலாந்துக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். அதனால்தான் இல்லை என்று எழுதினேன். அப்போது எனக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்தது, அக்கா.